பாட்டெழுதிய கை, பூட்டுப் போட்ட கை

1878-ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள். கல்கத்தாவிலே வைசிராயின் சட்டசபை கூடுகிறது. ஒரே மாதத்தில் இரண்டு சட்டங்கள் பிறக்கின்றன. ஒன்று 9-ஆம் எண் சட்டம். மற்றொன்று 11-ஆம் எண் சட்டம். முன்னது எழுதுகோலுக்குப் பூட்டு. பின்னது வாளுக்கும் வேலுக்கும் துப்பாக்கிக்கும் பூட்டு. இரண்டு பூட்டுக்கும் சாவி ஒரே மனிதரின் இடுப்பிலே தொங்கியது. அந்த மனிதர் லிட்டன் பிரபு.

யார் இந்த லிட்டன்? செத்து நூற்றாண்டு கடந்துபோன சீமைத் துரையின் கதை, ஆலைச் சங்கு ஊதியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுகிற நமக்கு எதற்கு? காரணம் இருக்கிறது, தோழர்களே!

நம் திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியிலே கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. 1965-ல் விஜயந்தா என்ற முதல் டாங்கி அங்கிருந்துதான் உருண்டு வெளியே வந்தது. இன்றும் டாங்கி செய்கிறார்கள் நம் தோழர்கள். டாங்கியிலே பெரிய பீரங்கி. அதற்குத் துணையாக இயந்திரத் துப்பாக்கி. விசையில் வைத்த விரலை எடுக்கிறவரையில் குண்டு மழை பொழிகிற துப்பாக்கி! அதைப் பொருத்துவது தொழிலாளியின் கை. ஆனால் அந்தத் தொழிலாளி அதில் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. மாவட்டக் கலெக்டர் நினைத்தாலும் உரிமம் கொடுக்க முடியாது. ஏன் முடியாது? எந்தச் சட்டம் தடுக்கிறது? அந்தச் சட்டத்துக்குப் பாட்டன் எந்தச் சட்டம்? கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தால், பாதை லிட்டன் துரையின் மேசைக்கு முன்னால் போய் நிற்கிறது.

அவருடைய வாழ்க்கையைச் சொல்கிறேன். புகழவும் அல்ல, புழுதி வாரித் தூற்றவும் அல்ல. ஒரு சட்டத்தை எடைபோட எந்தத் தராசைத் தூக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக!

இராபர்ட் லிட்டன் 1831 நவம்பர் 8-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை எட்வர்ட் புல்வர் லிட்டன், பாம்பி நகரத்தின் கடைசி நாட்களைக் கதையாக எழுதிப் பெரும் புகழ் பெற்ற நாவலாசிரியர். எழுத்தோடு நிற்காமல் அரசியலிலும் இறங்கி, 1858-ல் குடியேற்ற நாடுகளுக்கு அமைச்சரானவர். மகன் ஹாரோ பள்ளியில் படித்தார். ஜெர்மனியின் பான் நகரில் படித்தார். பதினெட்டு வயதில் வேலை தேடி அலைந்தாரா? இல்லை! பெரியப்பா வாஷிங்டனிலே பிரிட்டிஷ் தூதர். பிள்ளைக்கு அங்கேயே தூதரக உத்தியோகம் தயாராக இருந்தது.

பிறகு ஊர் ஊராகத் தூதரக வாழ்க்கை. ஃபிளாரன்சு, பாரிசு, கான்ஸ்டாண்டிநோபிள், வியன்னா, கடைசியில் லிஸ்பன். விருந்தும் விளக்கொளியுமாக நாட்கள் நகர்ந்தன. இடையிலே கவிதை எழுதினார். ஓவன் மெரிடித் என்ற புனைபெயரிலே 1855 முதல் நூல்கள் வந்தன. 1860-ல் வந்த லூசில் என்ற காவியக் கதை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நன்றாக விற்பனையாயிற்று. மென்மையான மனம், இனிமையான பேச்சு, ஓவியன் போலத் தாடியும் தலையும் என்றுதான் அந்நாளில் அவரை அறிந்தவர்கள் நினைத்தார்கள்.

1875-ல் ஒரு பதவி அவரைத் தேடி வந்தது. எந்தப் பதவி? நம் சென்னையின் கவர்னர் பதவி! வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பாடா, தப்பித்தோம் என்று சென்னை பெருமூச்சு விட்டிருக்கலாம். ஆனால் தப்பவில்லை. சில மாதங்களுக்குள் பிரதமர் டிஸ்ரேலி அதைவிடப் பெரிய நாற்காலியை நீட்டினார். 1876 ஏப்ரலில் லிட்டன் இந்தியாவின் வைசிராய் ஆனார். ஒரு மாகாணம் வேண்டாம் என்றவர் கையிலே ஒரு துணைக் கண்டமே வந்து விழுந்தது!

வந்ததும் அவர் செய்த ஒரு காரியத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆக்ராவிலே ஓர் ஆங்கில வழக்கறிஞர், வண்டியைக் கொண்டுவரத் தாமதம் செய்தான் என்று தன் குதிரைக்காரனை அடித்தார். அடிபட்ட ஏழை இறந்துபோனான். வெள்ளை நீதிபதி விதித்த தண்டனை எவ்வளவு தெரியுமா? முப்பது ரூபாய் அபராதம்! ஒரு மனித உயிருக்கு முப்பது ரூபாய்! இந்தச் செய்தி புதிய வைசிராயின் காதுக்கு எட்டியது. அவர் கொதித்தார். 1876 ஜூலையில் அந்த நீதிபதியையும், அதைக் கண்டுகொள்ளாத உயர்நீதி மன்றத்தையும் எழுத்திலே கண்டித்தார். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். நம்மவராக இருந்துகொண்டு நம்மையே காட்டிக்கொடுக்கிறாரே என்று ஏசினார்கள்.

ஆக, சட்டம் தோலைப் பார்க்கிறது என்ற உண்மை லிட்டனுக்குத் தெரியும். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தெரிந்தே இருந்த அந்த மனிதர், இரண்டு ஆண்டு கழித்து என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதையின் கருப்பொருள்.

அதற்குள் வானம் பொய்த்தது. 1876-ல் தென்னாட்டிலே மழை இல்லை. குளம் வறண்டது, கிணறு வறண்டது, களம் வறண்டது, கடைசியில் குடல் வறண்டது. தாதுவருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். சென்னை மாகாணம் சுடுகாடாக மாறிக்கொண்டிருந்த அதே வேளையில், 1877 சனவரி முதல் நாள், டில்லியிலே மாபெரும் தர்பார்! விக்டோரியா அம்மையாருக்கு இந்தியாவின் பேரரசி என்ற பட்டம் சூட்டும் விழா. இராஜாக்கள் வந்தார்கள், யானைகள் வந்தன, கூடாரங்கள் முளைத்தன, விருந்துகள் நாள் கணக்கில் நடந்தன. விழாவின் சூத்திரதாரி நம் கவிஞர் வைசிராய்தான்!

சென்னை கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் அரசு தானியம் வாங்கி இருப்பு வைத்தது. வைசிராய் அரசு அதைக் கண்டித்தது. சந்தையில் தலையிடக் கூடாதாம்! விலை ஏறினால் சரக்கு தானாக வருமாம்! சரக்கு வந்தது, வாங்கக் காசு எங்கே? செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்டு டெம்பிள் அனுப்பப்பட்டார். 1874 பீகார்ப் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்து உயிர்களைக் காத்து, அதற்காகவே திட்டு வாங்கியவர் அவர். இம்முறை சிக்கனத்தைக் காட்டினார். கல் உடைத்து மண் சுமக்கும் ஆண்மகனுக்கு நாள் கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும்! சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், உழைக்கிற உடலுக்கு இது போதாது என்று எண்ணிக்கையோடு எடுத்துக்காட்டிப் போராடினார். 1877-ல் லிட்டனே சென்னைக்கு நேரில் வந்தார். பஞ்சம் முடிந்தபோது, இந்தியா முழுவதும் மாண்டவர் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு.

எண்ணூர் பக்கம் போகிறவர்கள் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்திருப்பீர்கள். பழவேற்காடு வழியாக வடக்கே போகிறதே, அதுதான். அதன் சென்னைப் பகுதியிலே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஐந்து மைல் அந்தப் பஞ்ச காலத்தில் வெட்டியது. வெட்டியவர்கள் பசித்த வயிற்றோடு வந்த பஞ்சக் கூலிகள். கால்வாய்க்குக் கவர்னரின் பெயர் நிலைத்தது. மண் சுமந்தவன் பெயர் மண்ணோடு போயிற்று!

இந்தக் கொடுமையை நாட்டு மொழி ஏடுகள் எழுதாமல் இருக்குமா? எழுதின. தர்பார்ச் செலவை எழுதின, பஞ்சச் சாவை எழுதின, ஆப்கானிஸ்தான் மீது கிளம்பும் போர் ஆசையை எழுதின. வைசிராய்க்குச் சுட்டது. அதன் விளைவுதான் 1878-ன் 9-ஆம் எண் சட்டம். ஒரே அமர்விலே நிறைவேற்றப்பட்டது. மாவட்ட அதிகாரி கூப்பிடுவார், ஏட்டின் அச்சகத்தார் உறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டும், பணம் கட்ட வேண்டும். ஆட்சிக்கு விரோதமாக எழுதினால் பணமும் போகும், அச்சு இயந்திரமும் போகும். வழக்கு மன்றத்தில் முறையிட வழி இல்லை! மக்கள் அதற்கு வாய்ப்பூட்டுச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பூட்டிலே ஒரு விந்தை உண்டு. ஆங்கில ஏடுகளுக்கு அது கிடையாது. ஒரே செய்தி, ஒரே கண்டனம். ஆங்கிலத்தில் எழுதினால் அரசியல், நாட்டு மொழியில் எழுதினால் குற்றம்! வங்காளத்து அமிர்த பஜார் பத்திரிகை என்ன செய்தது? வங்க மொழியை விட்டுவிட்டு உடனே ஆங்கில ஏடாக மாறிவிட்டது. பூட்டு தொங்கியது, ஆள் கதவு வழியாக வெளியே நடந்துவிட்டார்! தெற்கே நம் சென்னை மாகாணத்துக்கு இந்தச் சட்டம் நீட்டப்படவில்லை. தமிழ் ஏடுகள் அன்று தப்பின. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் மொழி குற்றமானால் நம் மொழி மட்டும் பெருமையோடு இருக்க முடியுமா?

அடுத்த பூட்டு, 11-ஆம் எண் சட்டம். இந்திய ஆயுதச் சட்டம்.

ஆயுதம் பறிக்கப்படுவது தமிழனுக்குப் புதிதல்ல. 1801-ல் மருதுபாண்டியர் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களில், அதே ஆண்டு டிசம்பரிலே, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தெற்குப் பாளையங்களுக்கு ஓர் அறிக்கை விட்டார். கோட்டைகள் இடிபட வேண்டும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். வேலும் வாளும் ஈட்டியும் குவியல் குவியலாகப் பறிபோயின. 1857 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு 1860-ல் வடக்கும் சேர்த்து ஒரு சட்டம் வந்தது. லிட்டன் செய்தது, அதையெல்லாம் திரட்டி, குமரி முதல் இமயம் வரை நிரந்தரமாக இறுக்கியது.

அந்தச் சட்டத்தின் பட்டியலைப் பாருங்கள். துப்பாக்கி மட்டுமா? துப்பாக்கி முனை ஈட்டி, வாள், கத்தி, வேல், வேலின் முனை, வில், அம்பு! வில்லும் அம்பும் கூட! மேலே பீரங்கி, அதற்கும் மேலே, ஆயுதம் செய்கிற இயந்திரம். உரிமம் இல்லாமல் ஆயுதம் தாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. மறைத்துக்கொண்டு சென்றால் ஏழு ஆண்டு வரை!

சரி, கொலை ஆயுதத்துக்குக் கட்டுப்பாடு வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். கேள்வி அதுவல்ல. யாருக்குக் கட்டுப்பாடு என்பதுதான் கேள்வி. சட்டத்தின் 27-ஆம் பிரிவு, வேண்டியவர்களுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. அந்தக் கதவு வழியாக வெளியேறியவர்கள் யார்? ஐரோப்பியர்கள்! ஆங்கிலோ இந்தியர்கள்! அமெரிக்கர்கள்! உரிமம் வேண்டாம், கேள்வி வேண்டாம். காட்டுப் பன்றி கரும்பைத் தின்கிறது என்று நாட்டுத் துப்பாக்கி கேட்கிற உழவன் மட்டும் கச்சேரி வாசலில் கைகட்டி நிற்க வேண்டும். நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய துரைமகன் தோளிலே துப்பாக்கி தொங்க வேட்டைக்குப் போகலாம்!

தோழர்களே, இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதிலே ஆங்கில மொழிக்கு விலக்கு. இரண்டாவதிலே ஆங்கில இரத்தத்துக்கு விலக்கு. எழுதுகோலும் துப்பாக்கியும் வேறு வேறு பொருள். அளந்த கோல் ஒன்று! குதிரைக்காரனின் உயிருக்கு முப்பது ரூபாய் விலை போட்ட நீதிபதியைக் கண்டித்தவர், அந்த நீதிபதியின் தராசையே எடுத்து நாட்டின் சட்டமாக ஆக்கிவிட்டார்!

இதிலே இயந்திரத் துப்பாக்கி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. 1862-ல் அமெரிக்காவில் காட்லிங் என்பவர் உரிமை பெற்ற துப்பாக்கி அது. பல குழல்களைக் கட்டி, கைப்பிடியைச் சுற்றினால் தொடர்ந்து சுடும். லிட்டன் 1878-ல் ஆப்கானிஸ்தான் மீது போர் தொடுத்தார். 1879 அக்டோபரில் காபூலுக்கு அருகே சாராசியாப் போரில் ஆங்கிலப் படை காட்லிங்கைக் களத்தில் இறக்கியது. சுடச் சுட இடையிலே சிக்கிக்கொண்டது என்பது வேறு கதை! 1884-ல் மாக்சிம் என்பவர், கைப்பிடி சுற்றவே வேண்டாத, தானே குண்டேற்றித் தானே சுடுகிற துப்பாக்கியைச் செய்தார். ஆக, அரசின் கையிலே குண்டு மழை பொழியும் கருவி ஏறிக்கொண்டிருந்த காலத்திலேதான், உழவனின் அம்புக்கு உரிமம் கேட்டது சட்டம்!

லிட்டனின் ஆட்சிக்கு முடிவு நெருங்கியது. போகுமுன் இன்னொன்று செய்தார். 1879-ல், தன் ஆலோசனை சபையில் பெரும்பாலோர் எதிர்த்தும் கேளாமல், மான்செஸ்டரிலிருந்து வரும் முரட்டுத் துணிக்கு இறக்குமதித் தீர்வையை எடுத்துவிட்டார். அப்போதுதான் பம்பாயில் ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. இலாபம் யாருக்கு என்று தொழிலாளித் தோழனுக்கு விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டில் காபூலிலே ஆங்கிலத் தூதர் காவக்னாரி கொல்லப்பட்டார். போர் செலவைத் தின்றது. 1880-ல் இங்கிலாந்தில் டிஸ்ரேலி தோற்றார், கிளாட்ஸ்டன் வென்றார். லிட்டன் நாற்காலியை விட்டு இறங்கினார். இறங்கியவருக்கு ஏர்ல் பட்டம் கிடைத்தது!

அடுத்து வந்தவர் ரிப்பன் பிரபு. சென்னை மாநகராட்சி மாளிகைக்குப் பெயர் கொடுத்தாரே, அவர்தான். 1882-ல் வாய்ப்பூட்டைக் கழற்றி எறிந்தார். நாலே ஆண்டில் எழுதுகோல் விடுதலை பெற்றது. ஆயுதச் சட்டம்? அது அப்படியே இருந்தது. ரிப்பன் தொடவில்லை. அவருக்குப் பின் வந்த எந்த வைசிராயும் எடுக்கவில்லை.

1887 டிசம்பரில் காங்கிரசின் மூன்றாம் மாநாடு சென்னையிலே கூடியது. அங்கே இளைஞர் விபின் சந்திர பாலர், இந்தச் சட்டத்தை ஒழிக்க வேண்டும் என்று முழங்கினார். 1918-ல் போருக்கு ஆள் சேர்க்கப் புறப்பட்ட காந்தியாரே, வெள்ளை ஆட்சியின் கொடுமைகளிலெல்லாம் கொடியது ஒரு நாட்டையே நிராயுதபாணியாக்கிய இந்தச் சட்டம் என்ற கருத்தை எழுதினார். அகிம்சையின் ஆசானுக்கே அது அவமானமாகப் பட்டது! முதல் உலகப் போரிலே இந்தியச் சிப்பாய் பிரான்சிலும் மெசபடோமியாவிலும் இயந்திரத் துப்பாக்கிக்கு மார்பு காட்டி மடிந்தான். போரிலே துப்பாக்கி தூக்கலாம், ஊருக்கு வந்தால் தூக்கக் கூடாதா என்ற கேள்வி எழுந்தது. அதன் பிறகு, 1920-ஐ ஒட்டித்தான், விதிகளிலே இருந்த நிறப் பாகுபாடு கழிந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு தாமதம்!

1931-ல் கராச்சி மாநாட்டின் உரிமைப் பட்டியலிலே, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. ஆனால் விடுதலை வந்த பிறகு? 1948-ல் அரசியல் நிர்ணய சபையிலே காமத் என்ற உறுப்பினர் அந்த உரிமையைச் சேர்க்கச் சொன்னார். சபை ஏற்கவில்லை. நம் அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையைத் தந்தது. ஆயுதமின்றி என்ற சொல்லை அங்கே எழுதியவர்கள் வெள்ளையர் அல்ல, நாம்!

லிட்டன் சட்டத்தின் இடத்தில் 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எண்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த பழைய சட்டம் அன்றுதான் கண்மூடியது. புதிய சட்டத்திலே தடை செய்யப்பட்ட ஆயுதம் என்று ஒரு தனி வகை. விசையை அழுத்தினால், விரலை எடுக்கும் வரையிலோ, குண்டு தீரும் வரையிலோ சுட்டுக்கொண்டே இருக்கும் துப்பாக்கி அந்த வகை. அதாவது இயந்திரத் துப்பாக்கி! பீரங்கியும், டாங்கியை உடைக்கும் துப்பாக்கியும் அதே வகை. சாதாரணத் துப்பாக்கிக்கு மாவட்டத்திலே உரிமம் கேட்கலாம். இதற்கு மத்திய அரசே தனியாக அனுமதித்தால் ஒழிய யாரும் வைத்திருக்கக் கூடாது, செய்யக் கூடாது, விற்கக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியின்றி வைத்திருந்தால் ஏழு முதல் பதினான்கு ஆண்டு வரை சிறை. தனி ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் அந்தத் திருத்தத்தில் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. கலியாண வீட்டிலே வீறாப்புக்காக வானத்தை நோக்கிச் சுட்டாலும் தண்டனை உண்டு.

இந்தத் தடை வேண்டியதுதானா? அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே 1920-களிலே கடையில் காசு கொடுத்து இயந்திரத் துப்பாக்கி வாங்க முடிந்தது. விளைவு? 1929 பிப்ரவரி 14-ஆம் நாள் சிகாகோவில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்தி இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளினார்கள் கள்ளச் சாராயக் கும்பலார். 1934-ல் அமெரிக்கா விழித்தது. இயந்திரத் துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும், கைமாற்ற 200 டாலர் வரி என்றது. 1986-ல் புதிய துப்பாக்கி எதையும் குடிமக்களுக்காகப் பதிவு செய்வதையே நிறுத்தியது. பிரிட்டன் 1930-களிலேயே தடுத்துவிட்டது. ஆக, விரலை எடுக்காமல் ஒரு தெருவையே காலி செய்கிற கருவி தனி மனிதர் கையில் கூடாது என்பதைப் பட்டு அறிந்தது உலகம். அதிலே நமக்கு மாறுபாடு இல்லை.

அப்படியானால் லிட்டன் செய்ததும் இதுதானே என்று ஒருவர் கேட்கலாம். அங்கேதான் தராசைத் தூக்க வேண்டும்! 1878-ன் சட்டம் ஆயுதத்தைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தது. வெள்ளையன் கையில் இருந்தால் அது வேட்டைத் துப்பாக்கி, கறுப்பன் கையில் இருந்தால் அது கலகத் துப்பாக்கி. 1959-ன் இயந்திரத் துப்பாக்கித் தடை ஆளைப் பார்க்கவில்லை, ஆயுதத்தைப் பார்த்தது. 1993 பம்பாய்க் குண்டுவெடிப்பு வழக்கிலே, ஏ.கே.56 துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகப் புகழ்மிக்க இந்தித் திரைப்பட நடிகர் ஒருவரே சிறை செல்ல வேண்டி வந்தது. ஆண்டுகள் பல ஆயின, ஆனாலும் சென்றார். கட்டுப்பாடு கசக்கலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கசந்தால் அது மருந்து. ஏழைக்கு மட்டும் கசந்தால் அது நஞ்சு!

லிட்டனின் கதை இன்னும் முடியவில்லை. 1887-ல் அவர் பாரிசிலே பிரிட்டனின் தூதரானார். அந்த நகரத்துக்கு அவரைப் பிடித்திருந்தது. அவருக்கும் அது பிடித்திருந்தது. மீண்டும் கவிதை எழுதினார். 1891 நவம்பர் 24-ஆம் நாள் அங்கேயே இறந்தார். தான் போட்ட பூட்டு அப்போதும் இந்தியாவிலே தொங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கு ஒரு மகள், கான்ஸ்டன்ஸ். 1869-ல் பிறந்தவர். அப்பா வைசிராயாக இருந்த ஆண்டுகளில் சிறுமியாக இந்தியாவில் வளர்ந்தவர். தர்பார் அரண்மனையில் ஓடியாடிய பெண், பின்னாளில் இங்கிலாந்திலே பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுத் தெருவுக்கு வந்தார். 1909-ல் நியூகாசிலில் சிறையிலடைக்கப்பட்டார். உண்ணாநோன்பு இருந்தார். மற்றப் பெண்களுக்கு மூக்கிலும் வாயிலும் குழாய் செலுத்தி வலுவில் உணவு ஊற்றிய சிறை அதிகாரிகள், பிரபு வீட்டுப் பெண்ணைக் கண்டதும் டாக்டரைக் கூப்பிட்டார்கள். இதயம் பலவீனம் என்று கண்டுபிடித்தார்கள். மரியாதையோடு விடுதலை செய்தார்கள்!

கான்ஸ்டன்சுக்கு விளங்கிவிட்டது. முடியை வெட்டிக்கொண்டார். மலிவுத் துணி உடுத்தினார். ஜேன் வார்ட்டன், தையல்காரி என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1910 சனவரியில் லிவர்பூலில் மீண்டும் சிறை புகுந்தார். இப்போது என்ன நடந்தது? அதே உடல், அதே பலவீனமான இதயம். ஆனால் யாரும் இதயத்தைச் சோதிக்கவில்லை. எட்டு முறை வலுவில் குழாய் செலுத்தினார்கள். தையல்காரிக்கு ஏது இதயம்! உண்மை வெளியானபோது இங்கிலாந்து திகைத்தது. அந்த அம்மையாரின் உடல் பிறகு தேறவே இல்லை. பக்கவாதம் வந்தது. இடக் கையால் தன் சிறை அனுபவத்தை எழுதி 1914-ல் வெளியிட்டார். 1923-ல் மறைந்தார்.

தந்தை, தோலைப் பார்க்கும் சட்டத்தைச் செய்தார். மகள், சட்டம் துணியைப் பார்க்கிறது என்பதைத் தன் உடம்பையே பணயம் வைத்துக் காட்டினார்! ஒரே வீடு, ஒரே குடும்பப் பெயர். வரலாறு யாரைக் கும்பிடும், யாரைக் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தும் என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

இனி நம் ஊருக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலே இரும்பை உருக்குகிற உலை, பக்கத்தில் நிற்பவன் நிரந்தரத் தொழிலாளியா ஒப்பந்தத் தொழிலாளியா என்று பார்த்துச் சுடுவதில்லை. இருவரையும் ஒரே சூட்டில்தான் வாட்டுகிறது. ஆனால் கூலிச் சீட்டு பார்க்கிறது! கேண்டீன் தட்டு பார்க்கிறது! விபத்து நேர்ந்தால் வருகிற ஈட்டுத் தொகை பார்க்கிறது! வடநாட்டிலிருந்து வந்த தொழிலாளி என்றால் இன்னும் ஒரு படி கீழே பார்க்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு கூலி என்றால், லிட்டன் செத்துவிட்டார் என்று யார் சொன்னது?

எந்தச் சட்டம் வந்தாலும், எந்த விதி ஒட்டப்பட்டாலும், ஆலை வாசலிலே எந்த அறிவிப்புப் பலகை தொங்கினாலும், தோழனே, முதலில் இதைக் கேள்: இதில் யாருக்கு விலக்கு? விலக்குப் பட்டியலைப் படி. சட்டத்தின் உண்மை முகம் அதன் முதல் பிரிவிலே இருக்காது. விலக்குப் பட்டியலிலேதான் இருக்கும். 1878-ல் அங்கேதான் ஒளிந்திருந்தது. இன்றும் ஒளிந்தால் அங்கேதான் ஒளிந்திருக்கும்!

நமக்கு இயந்திரத் துப்பாக்கி வேண்டாம். வாக்குச் சீட்டு இருக்கிறது. சங்கம் இருக்கிறது. தாய்மொழியிலே ஏடு இருக்கிறது; அதற்குப் பூட்டு இல்லை. ஆயுதமின்றிக் கூடும் உரிமையை அரசியல் சட்டம் தந்திருக்கிறது. கூடுவோம். கேட்போம். எல்லோருக்கும் ஒரே கோல் என்று ஆகும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம்!